கட்டின பைக்குள்ள போற கை

எங்க குடியிருப்போட கீழ் வாசல்ல, மீட்டர் பாக்ஸுக்குப் பக்கத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஈரக் குப்பை தனி, உலர் குப்பை தனி, காலையில ஏழு மணிக்குள்ள வெளியில வைக்கணும், முந்தின நாள் ராத்திரியே வைக்கக் கூடாது, உடைஞ்ச கண்ணாடி, ஊசி, பிளேடு எல்லாம் தனியா சுத்தி மேல எழுதி வைக்கணும், குப்பையை எரிக்கக் கூடாது, மீறினா அபராதம். ரெண்டு வருஷமா தினமும் அதைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். ஒரு நாள்கூட நின்னு முழுசா படிச்சதில்ல. தண்ணி வராத நாள் எதுன்னு ஒட்டியிருந்தா மட்டும் படிப்போம் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு நாள் காலையில அவசரத்துல ஒரு கண்ணாடி ஜாடி கை நழுவி விழுந்து உடைஞ்சது. துடைப்பத்தால கூட்டி அள்ளி, சிங்க் ஓரத்துல இருந்த காய்கறித் தோல் கவர்லயே போட்டு, மேல இன்னொரு கவர் போட்டு, ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டிக் கீழ கொண்டுபோய் வெச்சுட்டேன். ரெண்டு கவர் போட்டதால பாதுகாப்பா செஞ்சதாவே நினைச்சேன். குப்பை வண்டியோட வர்ற அக்கா கவர்களை டிரம்முக்குள்ள போட்டு, இடம் பத்தாதப்ப உள்ளங்கையால ஒரு அழுத்து அழுத்துவாங்க. தினமும் பார்க்குறதுதான். அன்னைக்கு நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தப்ப பின்னாடி "ஸ்ஸ்"னு ஒரு சத்தம். திரும்பினா அக்கா கிளவுஸைப் பல்லால கடிச்சு உருவுறாங்க. துணி கிளவுஸ், விரல் நுனியெல்லாம் ஏற்கனவே தேஞ்சு ஓட்டை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, அந்த மெல்லிய சதை இருக்கே, அங்க நல்லா ஆழமா கிழிச்சிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வழியா முழங்கை வரைக்கும் ஓடுது, அதுல காய்கறித் தோல் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அது என் வீட்டுக் கவர்னு எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுது.

குழாய்ல கழுவி, துணி சுத்தி, வண்டியில ஏத்திக்கிட்டு கிளினிக் போனோம். நாலு தையல், ஒரு டிடி ஊசி. போற வழியில அவங்க என்னைத் திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். அவங்க திட்டல. "கட்டி வெச்ச கவரைப் பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தம்பி தெரியும், நீங்க சொன்னாத்தானே தெரியும்" அப்படின்னு மட்டும் சொன்னாங்க, அதுவும் பாதி சத்தத்துல. பத்து நாள் வேற ஆள் வந்தாங்க. பதினோராவது நாள் அவங்களே வந்தாங்க, டிரம் விளிம்பை இடது கையால பிடிச்சுத் தூக்கிக்கிட்டு.

அவங்க கை கிழிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம்தான் அந்த நோட்டீஸ் முன்னாடி நின்னு முதல் வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சேன். அது வரைக்கும் அது எனக்கு விதி, சட்டம், அபராதம். அன்னைக்குப் படிச்சப்ப ஒவ்வொரு வரியிலயும் ஒருத்தரோட கை தெரிஞ்சுது. "சுத்தி எழுதி வைக்கணும்"னா, எழுதுறது யாருக்கு? அக்காவுக்கு. நான் எழுதாம விட்டதுக்கு அவங்களுக்கு நாலு தையல்.

அதுக்கப்புறம் நானா கேட்டேன், இந்தக் குப்பையெல்லாம் எங்கக்கா போகுதுன்னு. "ஒரு நாள் வந்து பாருங்க தம்பி"ன்னாங்க. போனேன். தகரக் கூரை போட்ட ஷெட், நடுவுல நீளமா ஒரு மேடை, ரெண்டு பக்கமும் அஞ்சாறு பேர், பெரும்பாலும் பெண்கள். டிரம்மைக் கவிழ்த்தா கவர்கள் சரிஞ்சு வருது, ஒவ்வொண்ணா கிழிச்சு, கையால பிரிச்சு, பின்னாடி இருக்குற சாக்குகள்ல போடுறாங்க. நாத்தம் முதல் அஞ்சு நிமிஷம் தாங்க முடியல, அப்புறம் மூக்கு மரத்துப்போச்சு. நான் சும்மா நிக்காம ஒரு மூலையில நின்னு நேரம் பார்த்தேன். பிரிச்சுக் கட்டின உலர் குப்பை ஒரு பை, அட்டை, பால் கவர் கழுவினது, ரெண்டு பாட்டில், பழைய பேப்பர், மொத்தம் அரை நிமிஷத்துல முடிஞ்சுது. அடுத்து ஒரு கறுப்புக் கவர். அதுக்குள்ள நாப்கின், டயப்பர், மாத்திரை அட்டை, சாப்பாட்டு மிச்சம், ஒரு குழந்தையோட பள்ளிக்கூட நோட்டு, எல்லாம் ஒண்ணா ஊறிப்போய் இருக்கு. ஒருத்தங்க அந்த நோட்டை எடுத்து, தண்ணி சொட்டச் சொட்டப் பிழிஞ்சு பார்த்துட்டு அந்தப் பக்கம் வீசிட்டாங்க. "நனைஞ்ச பேப்பரை எடுக்க மாட்டாங்க"ன்னாங்க. நோட்டுல பாதிப் பக்கம் எழுதவே இல்ல. அந்த ஒரு கவரைப் பிரிக்க நாலு நிமிஷம் ஆச்சு. மூணு விரலால தொட்டுத் தொட்டுத்தான் பிரிக்கிறாங்க, எங்க எது குத்தும்னு தெரியாதில்ல.

ஈரமும் உலர்வும் தனித்தனியா வேணும்ங்கிறதுக்கு என்ன காரணம்னு முன்னாடி என்கிட்ட கேட்டிருந்தா "சுற்றுச்சூழல்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருப்பேன். காரணம் அந்த நோட்டுலதான் இருக்கு. பேப்பரும் அட்டையும் காய்ஞ்சு இருக்குற வரைக்கும் சரக்கு, நனைஞ்சா குப்பை. அதே மாதிரி சமையலறை மிச்சம் தனியா இருக்குற வரைக்கும் உரத்துக்கான மூலப்பொருள், அதுக்குள்ள கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் துணுக்கும் போயிட்டா அந்த உரத்தை எந்த விவசாயி நிலத்துல போடுவார்? தனித்தனியா இருந்தா ரெண்டுமே உபயோகமான பொருள்தான், ஒண்ணா போட்டா ரெண்டுமே கெட்டுப்போகுது. இதை எங்கேயாவது நோட்டீஸ்ல ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தா இன்னும் நாலு பேர் படிச்சிருப்பாங்கன்னு எனக்கு இப்பவும் ஒரு ஆதங்கம் உண்டு. என்ன செய்யக் கூடாதுன்னு எழுதுறாங்க, ஏன்னு எழுத மாட்டேங்குறாங்க.

ஷெட்டுக்குப் பின்னாடி உரக் குவியல் இருந்தது. ஒருத்தர் மண்வெட்டியால புரட்டினாரு, உள்ளேர்ந்து ஆவி வருது. கையை வெச்சுப் பாருங்கன்னாரு, வெச்சேன், ரெண்டு செகண்டுக்கு மேல வைக்க முடியல. காத்துப் படுற மாதிரி புரட்டிக்கிட்டே இருந்தா அதுல இருக்குற நுண்ணுயிர்கள் வேலை செஞ்சு சூடு 55, 60 டிகிரி வரைக்கும் போகும், அந்தச் சூட்டுல நோய்க் கிருமியும் களை விதையும் செத்துடும். அதே ஈரக் குப்பையைக் கிடங்குல மலை மாதிரி குவிச்சு அமுக்கிட்டா உள்ள காத்து போகாது, காத்து இல்லாம அழுகினா வர்றது மீத்தேன். நூறு வருஷக் கணக்குல பார்த்தா கார்பன் டை ஆக்சைடை விட ஏறத்தாழ 28 மடங்கு சூடேத்துற வாயு அது, இருபது வருஷக் கணக்குல பார்த்தா 80 மடங்குக்கு மேல. குப்பை மலைங்க தானா தீப்பிடிச்சு நாள் கணக்கா புகையுறதுக்கு இதுவும் ஒரு காரணம். கீழ வடியுற கறுப்புத் தண்ணி இருக்கே, கசிவுநீர், அது தனிக் கதை, நிலத்தடித் தண்ணிக்குள்ள இறங்கிட்டா அப்புறம் அதை வெளிய எடுக்குறது லேசுல நடக்குற காரியம் இல்ல.

குப்பையைக் கண்ணுக்கு மறைவா கொண்டுபோய்க் கொட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறது ரொம்பப் பழைய பழக்கம். கி.மு. 500 வாக்குல ஏதென்ஸ்ல போட்ட விதியே, ஊர் எல்லையிலேர்ந்து ஒரு மைலாவது தள்ளிக் கொட்டணும்ங்கிறதுதான்னு சொல்றாங்க. ஆனா தள்ளிக் கொட்டுற இடத்துலயும் மனுஷங்க இருக்காங்க. 2000 ஜூலைல பிலிப்பைன்ஸ்ல பயாட்டாஸ் குப்பை மலை மழையில சரிஞ்சு 200 பேருக்கு மேல செத்தாங்க. 2017 மார்ச்ல எத்தியோப்பியால அடிஸ் அபாபாவோட கோஷே கிடங்கு சரிஞ்சு 100 பேருக்கு மேல. அடுத்த மாசமே, ஏப்ரல் 14, கொழும்புக்குப் பக்கத்துல மீதொட்டமுல்ல, 30 பேருக்கு மேல. இந்த மூணு இடத்துலயும் செத்தவங்கள்ல பலர் அந்தக் குப்பைக்குப் பக்கத்துலயே குடியிருந்தவங்க, பயாட்டாஸ்லயும் கோஷேலயும் அந்தக் குப்பையில பொறுக்கித்தான் நிறைய பேர் பிழைச்சாங்க. உலக வங்கி கணக்குப்படி 2016ல உலகம் முழுக்க ஊர்க் குப்பை மட்டும் வருஷத்துக்கு 201 கோடி டன், அதுல மூணுல ஒரு பங்காவது பாதுகாப்பில்லாமத்தான் போட்டாங்களாம். டன் கணக்கு எனக்கு மனசுல நிக்கல. கிடங்குக்குப் பக்கத்துல தூங்குனவங்க நிக்கிறாங்க.

பிரிச்சுப் போடுறதை ஏதோ இப்ப வந்த புது ரோதனைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பாரிஸ்ல 1883 கடைசியில யூஜின் பூபெல்னு ஒரு நிர்வாக அதிகாரி ஒரு ஆணை போட்டாரு, ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருக்குறவங்களுக்கு மூடி போட்ட குப்பைத் தொட்டி வெச்சுக் கொடுக்கணும்னு. ஒண்ணு இல்ல, மூணு. அழுகுறதுக்கு ஒண்ணு, பேப்பர் துணிக்கு ஒண்ணு, கண்ணாடி பீங்கான் சிப்பி ஓட்டுக்கு ஒண்ணு. 140 வருஷத்துக்கு முன்னாடி! வீட்டுக்காரங்க செலவுன்னு முணுமுணுத்தாங்க. அதைவிட முக்கியமா, தெருவுல குவிச்ச குப்பையில பொறுக்கிப் பிழைச்சவங்க, ஆயிரக்கணக்கான பேர், எங்க பிழைப்பு போச்சேன்னு எதிர்த்தாங்க. அவர் பேரே இன்னைக்குப் பிரெஞ்சுல குப்பைத் தொட்டிக்கான சாதாரண வார்த்தையாயிடுச்சு. ஆனா தொட்டி நின்ன அளவுக்கு அந்த மூணா பிரிக்கிறது அப்ப நிக்கல. எனக்கு இந்தக் கதையில முக்கியமாத் தோணுறது அந்தப் பொறுக்குறவங்கதான். எந்த ஊர்ல புது விதி போட்டாலும், ஏற்கனவே அந்த வேலையைக் கையால செஞ்சுக்கிட்டு இருந்தவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசாம போட்டா அது அநியாயம். எந்த பிளாஸ்டிக் விலை போகும், எது போகாது, எதை எங்க உருக்குறாங்க, இதெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது.

சரி, இப்ப எல்லாரும் சொல்ற அந்த வாதத்துக்கு வர்றேன். "நாம பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க, அப்புறம் எதுக்கு?" எங்க கட்டடத்துலயும் இதேதான். கண்ணால பார்த்தது, பொய் சொல்ல முடியாது. வண்டியில ரெண்டு அறை இருந்தது, பச்சை ஒண்ணு நீலம் ஒண்ணு, ஆனா ரெண்டுலயும் எல்லாமும் விழுந்துச்சு. எனக்கும் கோபம்தான். ஷெட்டுக்குப் போயிட்டு வந்தப்புறம் டிரைவர் அண்ணன்கிட்ட உட்கார்ந்து கேட்டேன், ஏண்ணே இப்படின்னு. அவர் சொன்ன பதில் எனக்குத் தோணவே தோணாத ஒண்ணு. உலர் குப்பை எடையில லேசு ஆனா இடத்தை அடைக்கும், ஈரம் கனம் ஆனா அமுங்கும். பாதித் தெரு வர்றதுக்குள்ளயே நீல அறை முட்டிடும், பச்சையில பாதி காலியா கிடக்கும். அவருக்கு ஒரு நடைதான் அனுமதி, திரும்பப் போய்க் கொட்டிட்டு வர டீசலும் கிடையாது, நேரமும் கிடையாது. மிச்சத் தெருவுக் குப்பையை விட்டுட்டுப் போனா புகார் வரும், அதனால இருக்குற இடத்துல போடுறாங்க. சோம்பலும் இல்ல, அலட்சியமும் இல்ல, ரெண்டு அறையையும் சமமா அளந்து வண்டி செஞ்சவங்க ஒரு நாள் தெருவுல வந்து பார்க்கல, அவ்வளவுதான்.

நாங்க பதினேழு வீடு சேர்ந்து கையெழுத்து போட்டு மனு கொடுத்தோம். அபராதத்தைக் கூட்டுங்கன்னு கேட்கல, உலர் குப்பைக்கு வாரத்துல ரெண்டு நாள் தனி வண்டி விடுங்கன்னு கேட்டோம், தினமும் ஈரம் மட்டும் போதும்னு. உலர் குப்பை வீட்டுல நாலு நாள் இருந்தா ஒண்ணும் நாறாது, அதுக்கு அவசரமே இல்ல. நாலு மாசம் அலைஞ்சோம், ஒரு மேஜையிலேர்ந்து இன்னொரு மேஜைக்கு. கடைசியில புதனும் சனியும்னு ஆச்சு. அன்னையிலேர்ந்து ஒண்ணா கொட்டுறது எங்க தெருவுல நின்னுபோச்சு. யாருக்கும் வகுப்பு எடுக்கல, விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தல. நான் பிரிச்சது கடைசி வரைக்கும் பிரிஞ்சே போகுதுன்னு கண்ணால பார்த்தா யாருக்கும் தனியா சொல்ல வேண்டியதில்ல. மூணாவது மாடியில "எல்லாம் வேஸ்ட்"னு சொல்லிக்கிட்டு இருந்த பெரியவர்தான் இப்ப பால் கவரைக் கழுவிக் கொடியில காயப் போடுறாரு.

வெளிநாட்டு உதாரணம்னா உடனே ஜப்பானைச் சொல்வாங்க. கமிகட்சுங்கிற சின்ன ஊர்ல 40 வகைக்கு மேல பிரிக்கிறாங்க, 80 சதவீதம் வரைக்கும் மறுசுழற்சிக்குப் போகுது, உண்மைதான். ஆனா அங்க ஏறக்குறைய 1,500 பேர்தான், குப்பை வண்டியே கிடையாது, அவங்களே மையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சு வைக்கிறாங்க. கூட்டமா இருக்குற ஊருக்குத் தைவானும் தென்கொரியாவும்தான் நமக்குப் பாடம்னு நான் நினைக்கிறேன். தைவான்ல வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டே வரும், அந்தச் சத்தம் கேட்டா ஜனங்க கையில பையோட இறங்கி வந்து நேரா வண்டியில போடணும், குப்பை தரையைத் தொடவே கூடாதுங்கிறதுதான் கொள்கை. தைபேல 2000லேர்ந்து, மிச்சக் குப்பைக்குன்னு விற்கிற பையை வாங்கித்தான் போடணும், பை பெருசா இருந்தா காசும் பெருசு, மறுசுழற்சிப் பொருளுக்குக் காசு கிடையாது. தென்கொரியா 1995லயே நாடு முழுக்க இதை ஆரம்பிச்சுது, 2005லேர்ந்து சாப்பாட்டு மிச்சத்தை அப்படியே நிலத்துல புதைக்கத் தடை. ரெண்டு இடத்துலயும் எனக்குப் பிடிச்சது, நீங்க குறைச்சா உங்களுக்கு உடனே தெரியுது. வருஷக் கடைசியில வரியோட வரியா போற காசுல எதுவும் தெரியாது.

அபராதத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க தெரு முனையில ராத்திரி குப்பை வெச்சதுக்காக ஒரு பொண்ணு மாட்டினாங்க. ஆஸ்பத்திரியில வேலை, காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும், வண்டி வர்றது ஏழு மணிக்கு. ராத்திரி வெச்சாலும் தப்பு, வீட்டுக்குள்ள வெச்சா ஒரே அறையில புழு வரும். அவங்க என்ன பண்ணுவாங்க? அந்த விதி தப்புன்னு சொல்லல, ராத்திரி வெச்சா நாய் இழுக்கும், எலி வரும், மழை பெஞ்சா சாக்கடையில போய் அடைச்சுக்கும், அது எல்லாம் சரி. ஆனா ஏழு மணிக்கு வீட்டுல ஆள் இருப்பாங்கன்னு நினைச்சு எழுதின விதி அது. இப்ப கீழ, படிக்கட்டுக்கு அடியில, மூடி போட்ட ரெண்டு டிரம் வெச்சிருக்கோம், யார் எத்தனை மணிக்கு வேணும்னாலும் வந்து போடலாம், காலையில அதைத்தான் வெளிய உருட்டி வைக்கிறோம். நாலு பேர் சேர்ந்து ஒரு நாள்ல செஞ்ச வேலை. அவ்வளவு நாளும் அந்தப் பொண்ணு திருடி மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு வெச்சிருக்காங்க.

எரிக்கிறதைப் பத்தி நீளமா எழுத மாட்டேன், தயவுசெஞ்சு எரிக்காதீங்க. திறந்த வெளியில குறைஞ்ச சூட்டுல பிளாஸ்டிக் எரிஞ்சா, அதுவும் பிவிசி மாதிரி குளோரின் இருக்குற பொருள் எரிஞ்சா, டையாக்சின் வரும், அது உடம்புல கொழுப்புல போய்த் தங்கிடும், சீக்கிரத்துல போகாது.

பாட்டரியைப் பத்தி எழுதணும். பழைய போன் பாட்டரி, பவர் பேங்க், குழந்தைங்க பொம்மைல இருக்குறது, எல்லாத்தையும் நாம சாதாரணக் குப்பையோட போடுறோம். அமுக்குற வண்டியில போய் லித்தியம் பாட்டரி நசுங்கினா உள்ளயே சூடாகித் தீப்பிடிக்கும், சுத்தி இருக்குறது எல்லாம் பேப்பரும் பிளாஸ்டிக்கும். டிரைவர் அண்ணன் வண்டியில ஒரு தடவை புகை வந்து, நடு ரோட்டுல எல்லாத்தையும் கொட்டி மண்ணு போட்டு அணைச்சிருக்காங்க. இப்ப எங்க வீட்டுல பாட்டரிக்குன்னு ஒரு சின்ன டப்பா இருக்கு, முனையில டேப் ஒட்டித்தான் போடுறேன். நாப்கினும் டயப்பரும் பேப்பர்ல சுத்தி சிவப்புப் பேனாவால ஒரு பெருக்கல் குறி. கண்ணாடி உடைஞ்சா அட்டைப் பெட்டியில வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, "கண்ணாடி"ன்னு பெருசா எழுதி, அதைக் கீழ வெக்கிறதே இல்ல, அக்கா கையில நானே கொடுக்குறேன்.

போன வாரமும் அப்படிக் கொடுத்தப்ப கேட்டேன், அக்கா, ரெண்டு ட்யூப்லைட்டும் இருக்கு, சுத்தி வெச்சிருக்கேன், எடுத்துட்டு வரட்டான்னு. அதுக்குள்ள பாதரசம் இருக்கும், உடைச்சுக் கொட்டக் கூடாது, தனியா எடுக்கணும்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. "அது எங்க வண்டியில ஏத்த விட மாட்டாங்க தம்பி, அதுக்கு வேற வண்டி வரும்னு சொல்லியிருக்காங்க"ன்னாங்க. எப்ப வரும்னேன். பெட்டியை டிரம்மோட ஓரமா, கனம் எதுவும் மேல விழாத மாதிரி நிக்க வெச்சுட்டு, தெரியலையேன்னு தலையை ஆட்டினாங்க. அந்த ரெண்டு ட்யூப்லைட்டும் என் கதவுக்குப் பின்னாடி பேப்பர் சுத்தி நின்னுக்கிட்டு இருக்கு, ஏழு மாசமா. இந்தத் திங்கக்கிழமை மறுபடி மனு எழுதுறோம், இந்தத் தடவை இருபத்திரண்டு வீடு.